மலையிறங்கும் ரத்த மாதிரிக் குழாய்: புராஸ்டேட் புற்றுநோயில் மரபணுப் பரிசோதனை

நீலகிரிக்கு மரபணு நோய் புதிய சங்கதி இல்லை. இந்தியாவில் அரிவாள் செல் (சிக்கிள் செல்: சிவப்பணு அரிவாள்போல் வளையும் பிறவிக் குறை) பண்பு பற்றிய முதல் பதிவுகளில் ஒன்று, 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இருவர் இந்த மலையின் மக்களிடம் எடுத்த ரத்தத்திலிருந்து வந்தது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கம் இன்று 'சிக்கிள் டெஸ்ட்' என்றால் விளக்கம் கேட்பவர்கள் குறைவு. கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் இருக்கிறதா, இல்லையா என்று பதில் வந்துவிடும். அதனாலேயே, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய் கண்டவரிடம் "உங்களுக்கு ஒரு ஜீன் டெஸ்ட் பார்க்கணும்" என்று கோயம்புத்தூரில் டாக்டர் சொல்லி அனுப்பும்போது, வீட்டில் எல்லோரும் இதையும் அந்த மாதிரி ஒன்று என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் தூரம் அதிகம். அரிவாள் செல்லில் தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். பீட்டா குளோபின் மரபணுவில் ஆறாவது அமினோ அமிலத்துக்கான ஜிஏஜி என்ற டி.என்.ஏ. மூன்றெழுத்து ஜிடிஜி என்று மாறியிருக்கும். உலகில் யாருக்கு வந்தாலும் அதே இடம், அதே எழுத்து. புராஸ்டேட்டில் முதலில் தேடப்படும், டி.என்.ஏ. பழுதுபார்க்கும் பிஆர்சிஏ-2 (BRCA2) மரபணுவிலோ புரதத்துக்கான எழுத்துகள் மட்டும் 10,257. அதில் எங்கே வேண்டுமானாலும் ஓர் எழுத்து மாறலாம், இரண்டெழுத்து விடுபடலாம், ஒரு பெரிய துண்டே காணாமல் போகலாம். ஒரு குடும்பத்தின் பிழை அடுத்த குடும்பத்தில் இருக்க வேண்டியதில்லை. இதோடு ஏடிஎம், செக்-2, பால்பி-2, எம்எஸ்ஹெச்-2, எம்எஸ்ஹெச்-6 என்று இன்னும் பல மரபணுக்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இவ்வளவு எழுத்துகளையும் படிக்கும் கருவி பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. பரிசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் அதற்கு முன்னால்: யாருடைய மாதிரி, எந்தக் குழாய், எந்தச் சதைத் துண்டு, அது எப்படி மலையிறங்கியது என்ற இடங்களில்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை அதிகம் பேசும்.

பி.எஸ்.ஏ. வேறு, மரபணு வேறு

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமைத் தாண்டினால் பொதுவாகக் கவனிப்பார்கள். ஆனால் புற்றுநோய் இல்லாமலும் அது ஏறும். வயதில் சுரப்பி பெருத்தால் ஏறும், சிறுநீரில் கிருமித்தொற்று வந்தால் ஏறும், நீர் அடைத்து டியூப் போட்டால் ஏறும். தொற்று இருந்தால் அதை முதலில் குணப்படுத்தி, 6 முதல் 8 வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பதே முறை. மறுபக்கம், அளவைப் பொய்யாகக் குறைக்கும் மாத்திரையும் உண்டு. நீர் சரியாகப் பிரியவில்லை என்று பல பெரியவர்கள் வருடக்கணக்கில் போடும் டாம்சுலோசின்-டூட்டாஸ்டிரைடு கூட்டு மாத்திரையில் டூட்டாஸ்டிரைடு இருக்கிறது. ஆறு மாதம் அதைச் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டாததால் தவறும் நோய்கள் உண்டு.

மரபணுப் பரிசோதனை "எனக்குப் புற்றுநோய் இருக்கிறதா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. அதற்கு எம்.ஆர்.ஐ.யும் சதைப் பரிசோதனையும்தான். மரபணு சொல்வது வேறு இரண்டு விஷயங்கள். நோய் இல்லாதவருக்கு, எந்த வயதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி கண்காணிக்க வேண்டும் என்று சொல்லும். நோய் உள்ளவருக்கு, இந்தக் கட்டி எந்த மருந்துக்குப் பணியும் என்று சொல்லும். பிஆர்சிஏ-2 பிழை உள்ள ஆண்களுக்கு 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. கண்காணிப்பைத் தொடங்கச் சொல்வது இதனால்தான். அவர்களுக்கு நோய் சீக்கிரம் வரும், வந்தால் முரட்டுத்தனமாகப் பரவும். பிழை உள்ள ஆண்களை ஆண்டுதோறும் பரிசோதித்த இம்பாக்ட் என்ற பன்னாட்டு ஆய்வில் சதைப் பரிசோதனைக்கான எல்லையை 4-லிருந்து 3 நானோகிராமுக்கு இறக்கி வைத்திருந்தார்கள்.

இரண்டு வகை மாற்றம்

ஒருவர் உடலில் உள்ள மரபணு மாற்றம் இரண்டு வழியில் வந்திருக்கலாம். அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ கருவிலேயே வந்தால் அது பிறவி மாற்றம். ஒவ்வொரு செல்லிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பில் போகும். வாழ்நாளில் புராஸ்டேட் செல்லில் மட்டும் ஏற்பட்டது கட்டி மாற்றம். அது கட்டியோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. பிறவி மாற்றத்தை ரத்தத்திலோ எச்சிலிலோ பார்க்கலாம். கட்டி மாற்றத்தைப் பார்க்க கட்டியின் டி.என்.ஏ. வேண்டும்.

கட்டி மாற்றத்தில் மிகப் பிரபலமானது 2005-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் குழு கண்டறிந்த டிஎம்பிஆர்எஸ்எஸ்-2, ஈஆர்ஜி இணைவு. 21-ஆம் குரோமோசோமில் இந்த இரண்டு மரபணுக்களுக்கும் நடுவே சுமார் 30 லட்சம் எழுத்துகள் இருக்கின்றன. பெரும்பாலும் அவை அறுந்து விழுந்து, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆண் ஹார்மோனுக்கு விழித்தெழும் மரபணுவோடு செல்லை வளர்க்கும் மரபணு ஒட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மேலை நாட்டு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இது உண்டு, ஆசியர்களில் குறைவு. ஆசனவாய் வழியே செய்யும் விரல் பரிசோதனைக்குப் பிறகு வரும் முதல் சிறுநீரில் இதன் ஆர்.என்.ஏ.வைத் தேடும் முறையும் இருக்கிறது. ஆனால் இதைக் குறிவைக்கும் மருந்து இன்று கையில் இல்லை. அதனால் மலையிலிருந்து செலவு செய்து இறங்குபவருக்கு நாம் முதலில் சொல்லும் பரிசோதனை இது இல்லை.

அதேபோல் ஹாக்ஸ்-பி13 என்ற மரபணுவில் 84-ஆம் இடத்து மாற்றம் 2012-ல் பெரிய செய்தியானது. அது வட ஐரோப்பிய வம்சாவளியில் வரும் மாற்றம். நம் ஊர் ரிப்போர்ட்டில் "ஹாக்ஸ்-பி13 இல்லை" என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியடைய ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டிப் போடும் மதிப்பெண் முறையும் அப்படித்தான். பெரும்பாலும் ஐரோப்பியர் ரத்தத்தில் கட்டிய கணக்கு அது. ஊட்டிக்காரருக்கு அதை அப்படியே பொருத்துவது சரியாகாது.

யாருக்குப் பார்க்க வேண்டும்

நோய் எலும்புக்கோ வேறு உறுப்புக்கோ பரவியிருந்தால் விதிவிலக்கில்லாமல் எல்லோருக்கும். 2016-ல் வெளியான ஆய்வில், பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 692 ஆண்களில் 11.8 சதவீதம் பேருக்கு டி.என்.ஏ. பழுதுபார்க்கும் மரபணுக்களில் பிறவி மாற்றம் இருந்தது. பிஆர்சிஏ-2 மட்டும் 5.3 சதவீதம். பரவாத நோயில் இது 4.6 சதவீதம்தான். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: குடும்பத்தில் யாருக்கும் நோய் இல்லாதவர்களிடமும் பிழை இதே அளவில் இருந்தது. "எங்க வீட்ல யாருக்கும் இல்லையே" என்று பரிசோதனையை ஒதுக்குவதற்கு இடமில்லை. பரவாவிட்டாலும் அபாயம் அதிகமான வகை என்றால், நிணநீர்க் கணுவுக்குப் போயிருந்தால், பயாப்சி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 'இன்ட்ராடக்டல்' (சுரப்பியின் குழல்களுக்குள் வளரும் புற்று) என்ற சொல் இருந்தால், இவர்களுக்கும் பார்க்க வேண்டும்.

குடும்ப வரலாறு கேட்பது தனிக் கலை. "உங்க குடும்பத்துல புற்றுநோய் யாருக்காவது இருக்கா" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இல்லை என்பார்கள். கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். அத்தைக்கு மாரில் கட்டி எடுத்தார்களா? பாட்டி வயிற்றில் நீர் கோத்து இறந்தாரா? (சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம்.) பெரியப்பா கடைசிக் காலத்தில் இடுப்பு வலி, முதுகு வலி என்று படுத்த படுக்கையானாரா? (எலும்புக்குப் பரவிய புராஸ்டேட்டாக இருந்திருக்கலாம்.) மஞ்சள் காமாலை என்று சொல்லி மூன்று மாதத்தில் போனவர் யாராவது உண்டா? (கணையமாக இருந்திருக்கலாம்.) அம்மா வழியையும் விடாமல் கேளுங்கள். புராஸ்டேட் ஆணுக்கு மட்டும் இருக்கிறது என்பதால் பிழையும் அப்பா வழியில்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பிஆர்சிஏ-2 இருப்பது 13-ஆம் குரோமோசோமில். தாய்மாமனுக்கு வந்த நோய், அப்பாவின் தம்பிக்கு வந்த நோய் அளவுக்கே முக்கியம்.

அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்தில் பெண் கொடுத்து எடுக்கும் வீடுகளில் இன்னொரு கேள்வியும் சேரும். பிஆர்சிஏ-2 பிழை கணவன், மனைவி இருவரிடமும் இருந்து, ஒரு குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால், அந்தக் குழந்தைக்கு ஃபேன்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோயின் ஒரு வகை வரும். ஏடிஎம் அப்படி இரட்டையாக வந்தால் சிறு வயதிலேயே நடை தள்ளாடும் அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா. தாத்தாவின் புராஸ்டேட் ரிப்போர்ட், சொந்தத்தில் திருமணமான பேரன் வீட்டில் பிறக்கப்போகும் குழந்தைக்கும் பொருள் உள்ளதாகிறது. சிக்கிள் பண்பை இருபக்கமும் பார்த்துத் திருமணம் பேசப் பழகிய மலை மக்களுக்கு இதை விளக்குவது சமவெளியைவிட எளிது.

குழாயும் குளிரும்

பிறவி மாற்றத்துக்கு 3 முதல் 5 மி.லி. ரத்தம் போதும். ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. குழாய். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையை அது தடுத்துவிடும். எடுத்தவுடன் குழாயை 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. சரியாகக் கலக்காமல் உறைந்த ரத்தத்தில் டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு.

மலையில் மட்டும் வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெற்றிடக் குழாய்கள் கடல்மட்ட அழுத்தத்துக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டவை. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் குழாய்க்குள் உள்ள வெற்றிடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் ரத்தத்தை உள்ளே இழுக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியின் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கொடைக்கானலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால் குழாய் கோடுவரை நிரம்பாமல் நின்றுவிடும். பிறவி மாற்றப் பரிசோதனைக்கு இது பெரிய குறை இல்லை, வேண்டுமானால் இன்னொரு குழாய் எடுத்துக்கொள்ளலாம். கட்டியின் டி.என்.ஏ.வை ரத்தத்திலேயே தேடும் திரவ பயாப்சிக்கான பாதுகாப்புத் திரவம் உள்ள குழாயில் இது உண்மையான பிரச்சினை. ரத்தத்துக்கும் திரவத்துக்கும் உள்ள விகிதம் மாறிவிடும். நாளமும் ஊசியும் சரியாக இருந்தும் குழாய் பாதியில் நின்றால், அதோடு விடாமல் அடுத்த குழாயை எடுத்து இரண்டையும் சேர்த்து அனுப்பி, படிவத்தில் அளவைக் குறித்துவிடுங்கள்.

ரத்தம் எடுக்க முடியாதவர்களிடம் எச்சில் வாங்கலாம், சுமார் 2 மி.லி. அரைமணி நேரம் முன்பிருந்து டீ, வெற்றிலை, புகையிலை எதுவும் கூடாது. வெற்றிலை போடுபவர் வாயை நன்றாகக் கொப்பளித்து, அரைமணி நேரம் காத்திருந்துதான் கொடுக்க வேண்டும். அடுத்தவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர் என்றால் ரத்தமும் எச்சிலும் தானம் கொடுத்தவரின் மரபணுவைக் காட்டும். அவரிடம் தோல் துண்டு எடுத்துச் செல் வளர்த்துப் பார்ப்பார்கள்.

இப்போது திரவ பயாப்சி. கட்டிச் செல்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டுகள் ரத்தத்தில் மிதக்கும். ஒவ்வொன்றும் சுமார் 166 எழுத்து நீளம். அதிக நேரம் நிற்காது, சீக்கிரமே கழிந்துவிடும். இந்தத் துண்டுகளைப் பிடித்துப் படிப்பதுதான் பரிசோதனை. சாதாரண ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (ரத்தத்தில் செல்கள் நீங்கிய நீர்ப்பகுதி) பிரித்தாக வேண்டும். சுழற்றுக் கருவியில் (சென்ட்ரிஃபியூஜ்) முதலில் 1,600 ஜி விசையில் 10 நிமிடம், பிளாஸ்மாவை மட்டும் எடுத்து மறுபடி 16,000 ஜி விசையில் 10 நிமிடம். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து தம் டி.என்.ஏ.வைக் கொட்டும். கட்டியின் துண்டுகள் அந்த வெள்ளத்தில் மூழ்கிவிடும். ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் சுமார் 85 கிலோமீட்டர். மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் அந்த நாள் போயிற்று. அதனால் மலையில் எடுக்கும் திரவ பயாப்சிக்கு ஸ்ட்ரெக் போன்ற பாதுகாப்புக் குழாய்தான் ஏற்றது. அதற்குச் சொல்லப்பட்ட வெப்பநிலை 6 முதல் 37 டிகிரி செல்சியஸ்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டி இரவில் குழாயை ஜன்னலோரம் வைத்தால் கீழ் எல்லை தாண்டிவிடும். ஏப்ரலில் மேட்டுப்பாளையம் நிறுத்தத்தில் கூரியர் வண்டி வெயிலில் நின்றால் மேல் எல்லை தாண்டிவிடும். ஒரே பயணத்தில் இரண்டு எல்லையும் வருவதுண்டு. இந்தக் குழாயை ஐஸ் பேக்கோடு வைக்கவே கூடாது. தெர்மகோல் பெட்டியில் துணி சுற்றி, அறை வெப்பத்தில் அனுப்பினால் போதும். ஈ.டி.டி.ஏ. குழாய் குளிர்ப்பெட்டியில் போகலாம், ஆனால் உறைந்த ஜெல் நேராகக் குழாயைத் தொடக் கூடாது, நடுவே அட்டையோ துண்டோ வேண்டும். உறைந்தால் சிவப்பணு உடையும், வெளியேறும் ஹீம் என்ற நிறப்பொருள் பி.சி.ஆர். வினையைக் கெடுக்கும். சனிக்கிழமை மாலை அனுப்பினால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும். திங்கள், செவ்வாய் எடுப்பது நல்லது.

எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசி போட்டு பி.எஸ்.ஏ. சரசரவென்று இறங்கும் காலத்தில் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. மிகக் குறைவு. அப்போது எடுத்து "மாற்றம் இல்லை" என்று வந்தால் அதை நம்ப முடியாது. சிகிச்சை தொடங்குமுன், அல்லது பி.எஸ்.ஏ. மறுபடி ஏறும்போது எடுக்க வேண்டும். இன்னொரு பொறியும் உண்டு: வயதாக ஆக எலும்பு மஜ்ஜையிலேயே சில ரத்தச் செல் கூட்டங்கள் ஏடிஎம், செக்-2, டிபி-53 போன்ற மரபணுக்களில் மாற்றம் பெற்றுப் பெருகும். அந்த மாற்றத்தைக் கட்டியுடையது என்று எண்ணி மருந்து கொடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. பிளாஸ்மாவோடு வெள்ளணுவையும் சேர்த்துப் படிக்கும் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தவறு வராது.

மெழுகு பிளாக்

சதைப் பரிசோதனையில் பொதுவாக 12 மெல்லிய துண்டுகள் எடுப்பார்கள். அவை மெழுகில் பதிந்து பிளாக்காக இருக்கும். அந்த பிளாக்கைத்தான் மரபணுப் பரிசோதனைக்குக் கேட்பார்கள். பிஆர்சிஏ போன்ற பிழையுள்ள கட்டிக்குக் கொடுக்கும் ஓலாபரிப் மருந்துக்கான புரோஃபவுண்ட் ஆய்வில் 4,047 பேரின் திசுவைச் சோதித்தார்கள், 2,792 பேருக்குத்தான் முடிவு வந்தது. ஏறக்குறைய 31 சதவீதம் வீண். நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளிலிருந்து வந்த மாதிரிகளுக்கே இந்தக் கதி.

வீணாவதற்குக் காரணங்கள் மறைபொருள் இல்லை. துண்டு ஊறும் ஃபார்மலின் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு வகையாக இருக்க வேண்டும். பஃபர் கலக்காத ஃபார்மலின் நாளாக நாளாக அமிலமாகி டி.என்.ஏ.வை அரிக்கும். திசுவைப் போல் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 48 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் ஊற வேண்டும். வெள்ளிக்கிழமை எடுத்த துண்டு திங்கள் மதியம்வரை ஃபார்மலினிலேயே கிடந்தால், சி என்ற எழுத்து சிதைந்து டி என்று படிக்கப்படும் போலி மாற்றங்கள் கூடும். எலும்பிலிருந்து எடுத்த துண்டு இன்னும் மோசம். அதை மென்மையாக்க நைட்ரிக் அமிலமோ ஃபார்மிக் அமிலமோ ஊற்றினால் டி.என்.ஏ. போய்விடும். "இந்தத் துண்டுக்கு ஜீன் டெஸ்ட் பார்க்கப் போறோம், ஈ.டி.டி.ஏ.வில் கால்சியம் எடுங்க" என்று பேத்தாலஜி ஆய்வகத்துக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

அனுப்பும் பிளாக்கில் கட்டிச் செல்கள் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். 12 துண்டில் எதில் அதிகம் என்று பேத்தாலஜி டாக்டர்தான் நுண்ணோக்கியில் பார்த்துக் குறித்துத் தர வேண்டும். கையில் கிடைத்த பிளாக்கை அனுப்பினால் சாதாரணச் சுரப்பியைப் படித்து "மாற்றம் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். பழைய பிளாக், புதிய பிளாக் இரண்டும் இருந்தால் புதியதையே அனுப்புங்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக்கி, வேண்டிய மரபணுக்களை மட்டும் தூண்டில் போட்டுப் பிடித்து, என்.ஜி.எஸ். (புதிய தலைமுறை வரிசைப்படுத்தல்) கருவியில் ஒவ்வோர் இடத்தையும் பலமுறை படிக்கிறார்கள். பிறவி மாற்றத்துக்கு ஒவ்வோர் எழுத்தையும் 100 முறை அளவில் படித்தால் போதும். கட்டித் திசுவுக்கு 500 முறை, திரவ பயாப்சிக்கு ஆயிரக்கணக்கில். பெரிய துண்டு காணாமல் போயிருப்பதை என்.ஜி.எஸ். தவறவிடலாம். அதற்கு எம்.எல்.பி.ஏ. என்ற தனி முறை. ரிப்போர்ட்டில் "டெலீஷன், டூப்ளிகேஷன் பார்க்கப்பட்டது" என்ற வரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிஎம்எஸ்-2, செக்-2 இரண்டுக்கும் மரபணுத் தொகுதியில் வேறிடத்தில் போலி நகல்கள் உண்டு. இந்த இரண்டில் மாற்றம் என்று வந்தால் வேறொரு முறையிலும் உறுதி செய்யச் சொல்ல வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு வரி: "பிஆர்சிஏ-1, சி.68_69டெல்ஏஜி, ஹெட்டெரோசைகஸ், பேத்தோஜெனிக்." 68, 69-ஆம் இடங்களில் ஏ, ஜி என்ற இரண்டெழுத்து இல்லை. மூன்று மூன்றாகப் படிக்க வேண்டிய வாசகத்தில் இரண்டு போனால் அங்கிருந்து எல்லாம் பிசகும். 23-ஆவது அமினோ அமிலத்திலிருந்து தப்பும் தவறுமாகப் போய்ச் சற்றுத் தள்ளி நின்றுவிடும். 1,863 அமினோ அமிலம் இருக்க வேண்டிய புரதம் நாற்பதைக்கூட எட்டாது. பழைய பெயர் 185-டெல்-ஏஜி. யூதர்களிடையே பரவலான இந்த மாற்றம் தென்னிந்திய மார்பகப் புற்றுநோய்க் குடும்பங்களிலும் பதிவாகியிருக்கிறது. 'ஹெட்டெரோசைகஸ்' என்றால் இரண்டு பிரதியில் ஒன்றில் மட்டும். ரத்தத்தில் பார்த்தால் இந்த மாற்றம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 10 சதவீதம், 15 சதவீதம் என்று இருந்தால் பிறவி மாற்றமா என்று சந்தேகப்பட வேண்டும்.

கடைசிச் சொல்தான் தீர்ப்பு. 2015-லிருந்து ஐந்து நிலைகளில் எழுதுகிறார்கள்: நோய் தருவது, அநேகமாகத் தருவது, பொருள் தெரியாதது, அநேகமாகத் தீங்கில்லாதது, தீங்கில்லாதது. நடுவில் உள்ள 'பொருள் தெரியாதது' என்ற நிலைதான் ரிப்போர்ட்டில் வி.யு.எஸ். நம் மக்களுக்கு இது அதிகம் வரும், ஏனென்றால் ஒப்பிடும் தரவுத்தளங்களில் இந்தியர்கள் குறைவு. 10,000 பேரைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. போகப்போக நிலைமை சீராகும். வி.யு.எஸ். வந்தால் அதை வைத்து மருந்து மாற்றக் கூடாது, மகளுக்கு அறுவை சிகிச்சை பேசக் கூடாது, சொந்தக்காரர்களைச் சோதிக்கக் கூடாது. ஒன்றிரண்டு ஆண்டு கழித்து அதே ஆய்வகத்திடம் மறுமதிப்பீடு கேட்க வேண்டும். பெரும்பாலானவை தீங்கில்லாததாகவே முடிகின்றன. இதைக் கண்டு பயந்தவர்களையும், பயமுறுத்தியவர்களையும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மாற்றம் கிடைத்தால் என்ன மருந்து

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற இரண்டு பாதை: குன்னூர் வழி, கோத்தகிரி வழி. ஒன்று மண் சரிந்து மூடினால் மற்றொன்றில் வண்டி ஏறும். இரண்டும் மூடினால் மலைக்கு ஒன்றும் வராது. பிஆர்சிஏ பிழையுள்ள கட்டிச் செல்லில் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் ஒரு பாதை ஏற்கெனவே மூடிவிட்டது. பார்ப் என்ற நொதி நடத்தும் மற்ற பாதையை வைத்துத்தான் அது பிழைக்கிறது. அதையும் ஓலாபரிப் மாத்திரை அடைக்கிறது. ஒரு பிரதி நன்றாக இருக்கும் சாதாரணச் செல்லுக்கு முதல் பாதை திறந்தே இருப்பதால் அது தாங்கிக்கொள்ளும்.

2020 மே மாதம் அமெரிக்காவில் இது புராஸ்டேட்டுக்கு ஒப்புதல் பெற்றது. புரோஃபவுண்ட் ஆய்வில் பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2, ஏடிஎம் மாற்றம் உள்ளவர்களுக்கு ஸ்கேனில் நோய் முற்றாமல் இருந்த காலம் 3.6 மாதத்திலிருந்து 7.4 மாதமானது. பலன் பிஆர்சிஏ-2-ல் தெளிவு, ஏடிஎம் மட்டும் உள்ளவர்களிடம் மங்கல். எம்எஸ்ஹெச்-2, எம்எஸ்ஹெச்-6 வகை மாற்றம் என்றால் மருந்தே வேறு. அங்கே பெம்ப்ரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பு சிகிச்சைக்கு இடமுண்டு.

ஓலாபரிப்பின் வழக்கமான அளவு 300 மில்லிகிராம், காலை மாலை. முதன்மையான பக்கவிளைவு ரத்தசோகை. மாதாமாதம் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சிக்கிள் நோய் உள்ள வீட்டிலிருந்து வரும் நோயாளி தன் சிக்கிள் நிலையை, அட்டை இருந்தால் அட்டையோடு, புற்றுநோய் டாக்டரிடம் மாத்திரை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சமவெளி மருத்துவமனைகளில் அது கேட்கப்படாமலே போகலாம்.

வீட்டுக்குச் சொல்வது

கட்டியில் பிஆர்சிஏ மாற்றம் தெரிந்தால் அது பிறவியா இல்லையா என்று ரத்தத்தில் உறுதி செய்தே ஆக வேண்டும். பிறவி என்றால் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டியது மகள்களுக்கு. மகனுக்கு 40-ல் பி.எஸ்.ஏ. தொடங்கும். மகளுக்கோ 25 வயதிலிருந்தே மார்பக எம்.ஆர்.ஐ. உண்டு. பிள்ளை பெற்று முடித்த பின் சினைப்பை அகற்றும் முடிவு பிஆர்சிஏ-1 என்றால் 35-40 வயதில், பிஆர்சிஏ-2 என்றால் 40-45 வயதில் பேசப்படும். 18 வயதுக்குக் கீழே யாருக்கும் பார்க்க வேண்டாம். அந்த வயதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, முடிவெடுக்கும் உரிமை அந்தப் பிள்ளைக்கே இருக்கட்டும்.

சின்ன ஹட்டியில் (படகர் ஊர்), எஸ்டேட் லைனில் ஒரு செய்தி ஒரு வேளைக்குள் சுற்றிவரும். மகளின் கல்யாணப் பேச்சு கெடும் என்று அப்பாக்கள் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ரிப்போர்ட்டை நோயாளியிடம் மட்டும் தனியாகக் கொடுத்து, யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்று அவரோடு உட்கார்ந்து பேசும் கவுன்சலிங் இல்லாத பரிசோதனை அரைகுறைப் பரிசோதனை.

அப்பாவிடம் பிழை இன்ன இடத்தில் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், சிக்கிள் டெஸ்ட் போலவே. செலவும் குறைவு, பதிலும் தெளிவு. அதற்கு அப்பாவின் ரிப்போர்ட்டில் உள்ள மாற்றத்தின் வரி எழுத்துக்கு எழுத்து வேண்டும், முடிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய டி.என்.ஏ.வும் வேண்டும். அப்பாவைச் சோதிக்காமலே அவர் போய்விட்டால், மகளுக்கு முழுத் தொகுப்பையும் பார்த்து "இல்லை" என்று வந்தாலும் அந்த "இல்லை"க்குப் பொருள் பாதிதான்: அப்பாவிடம் இருந்து மகளுக்கு வரவில்லையா, அப்பாவிடமே இல்லையா, இருந்தும் நாம் தேடாத மரபணுவில் இருந்ததா என்று பிரிக்க முடியாது. பரவிய நோயோடு படுக்கையில் இருக்கும் முதியவருக்கு "இனிமேல் எதுக்கு டெஸ்ட்" என்று வீட்டில் சொன்னாலும், வேறு காரணத்துக்கு ரத்தம் எடுக்கும் நாளில் ஊதா மூடிக் குழாய் ஒன்றை அவர் சம்மதத்தோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். பணம் இப்போது இல்லை என்றால் டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமித்து வைக்கும் ஆய்வகத்தில் கொடுக்கலாம். மைனஸ் 20 டிகிரியில் வருடக்கணக்கில் அது கெடாமல் இருக்கும். அதன் ரசீது எண்ணை மகள்கள், மகன்கள் எல்லோரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.